பாதியில் திரும்பும் அப்டேட்

"பாதி வரைக்கும் நல்லாத்தான் போயிருக்கு. அப்புறம் வந்த வழியே திரும்பிடுச்சு," என்றார் முதலாளி.

ஒலிப்பதிவுக் கூடத்தின் பெரிய கம்ப்யூட்டர் திரையில் அந்த வரி அசையாமல் நின்றிருந்தது. 'அப்டேட் முழுமையாகவில்லை. மாற்றங்கள் திரும்பப் பெறப்பட்டன.' அதைப் படித்த மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

மேடம் துப்பறிவாளர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நடக்காத விபத்துகளை நடந்ததாகக் காட்டியவர்களைப் பிடித்துப் பிடித்துப் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காமல் வாசலில் சொந்தமாக ஒரு பலகை மாட்டிக்கொண்டார். நேற்று மாலை இதே அறையில், இதே திரைக்கு முன்னால் நின்றுதான் அவர் குற்றவாளியை அறிவித்தார். குரல் கொடுக்கும் கலைஞர்கள் எல்லோரும் சுவரோரமாக நிற்க, விரலை நீட்டி, "உங்க கம்ப்யூட்டரைக் கெடுக்கறது வேற யாருமில்ல. இவங்கதான்," என்றார். விரலின் எதிரில் நின்ற எடிட்டர் சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அழுதபடி வெளியேறினாள்.

எடிட்டர் இல்லை. அவளிடம் சாவியும் இல்லை. ஆனால் அப்டேட் மறுபடியும் கெட்டிருந்தது.

"அப்ப அந்தப் பொண்ணு பண்ணலையா?" என்றார் முதலாளி. ஒல்லியான, சத்தமாகப் பேசுகிற அம்மாள். அந்தக் கேள்வியை மட்டும் மெதுவாகக் கேட்டார்.

மேடம் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற சீப்பு திறந்தான். "ஆள் லீவுல இருந்தாலும் அவங்க வேலை நிக்காம நடக்குது. இப்படி ஒரு ஆபீஸ் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

சீப்பு மேடத்தின் அக்கா மகன், உதவியாளர். முப்பத்தைந்து வயதுக்குள்ளேயே தலையில் ஒரு முடிகூட மிஞ்சவில்லை என்பதால் அந்தப் பெயர். கடைத் திறப்புகளில் மைக் பிடித்துக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தவன். வேலை நேரத்தில் 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவனுக்கு உத்தரவு. பயந்தால் மட்டும் 'சித்தி' வரும்.

"வாயை மூடு," என்றார் மேடம்.

நேற்று வரை எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. பாடங்களை ஆடியோவாக்கும் ஒரு பெரிய நிறுவனம் இந்தக் கூடத்துக்கு வருடம் முழுக்க வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அவர்களுடைய மென்பொருள் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும். வெள்ளிக்கிழமை அவர்கள் ஆட்கள் பார்க்க வருவார்கள். அதற்குள் அப்டேட் ஏற வேண்டும், ஏறவில்லை. கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தார். அரைகுறையாக இறங்கிய துண்டுகளை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கினார். செருகியிருந்த பென்டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் பிடுங்கினார். கூடம் மூடிய பிறகு தானாக ஏறட்டும் என்று அமைத்துவிட்டுப் போனார். கடைசியில் அவர் போனில் சொன்னது இது: "அப்டேட்டுக்கு ஹார்ட் டிஸ்க்ல இடம் வேணும்மா. நான் இடம் பண்ணி வச்சிட்டுப் போறேன், சாயந்திரம் யாரோ ரொப்பிடறாங்க. காலையில மறுபடி காலி. இது மெஷினுக்கு வந்த சீக்கு இல்ல, நீங்க வேற ஆளைக் கூப்பிடுங்க."

அந்த வேற ஆள்தான் மேடம்.

டிஸ்க்கை ரொப்பியது ஒரு ஆடியோ ஃபைலும் அதன் எண்ணற்ற நகல்களும். எல்லா மைக்கையும் திறந்து வைத்து வெறும் அறையைப் பதிவு செய்த ஃபைல். கூடத்தின் சாவி மூன்று பேரிடம் இருந்தது. முதலாளி, எடிட்டர், முதலாளியின் அண்ணனான சவுண்ட் இன்ஜினியர். அண்ணனைத் தொழிலில் எல்லோரும் 'பாம்புக்காது' என்பார்கள். அடுத்த தெருவில் ஒரு பைக் கிளம்பினாலும் பதிவை நிறுத்தச் சொல்கிறவர். மேடம் ஃபைலின் தொடக்கத்தைக் கேட்டார். 'ம்ம்ம்' என்று ஏசி ஓடும் சத்தம். பாம்புக்காது ஏசியை அணைக்காமல் மைக்கைத் திறப்பாரா? மாட்டார். ஆக அவர் இல்லை. முதலாளியோ பணம் கொடுத்துத் துப்பறியக் கூப்பிட்டவர். மிச்சம் எடிட்டர். போதாக்குறைக்கு, தினமும் காலையில் முதல் ஆளாக வந்து அந்த ஃபைல்களை அழிப்பது அவள்தான் என்று சீப்பு கண்டுபிடித்துவிட்டான்.

"அழிக்கறது நிஜம்தான். டிஸ்க்ல இடமில்லாம நான் எப்படி வேலை பாக்கறது? ஒரே ஒரு ஃபைலை முழுசா கேளுங்க மேடம்," என்று அவள் நேற்று கெஞ்சினாள்.

"ஒண்ணுமே இல்லாததை முழுசா கேட்டா என்ன, பாதி கேட்டா என்ன?" என்றார் மேடம். சுவரோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நேற்று இனித்தது. இன்று அதை நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

*

அழிக்க ஆளில்லாததால் நேற்று மாலை பதிவான ஃபைல் அப்படியே இருந்தது. எடிட்டரின் சின்ன அறையில் மேடமும் சீப்புவும் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஏசி ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"இதைத் தூக்கம் வராதவங்களுக்கு வித்துடலாம் மேடம்."

"பேசாம கேளு."

நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ செருமினார்கள். கீபோர்டில் டக் டக் என்று தட்டும் சத்தம். அப்புறம், மைக்குக்கு மிக அருகில், ஒரு செல்போன் அடிக்க ஆரம்பித்தது. போன் வாங்கும்போதே அதில் இருக்கும் சாதாரண மணி. அது அடித்தது, அடித்தது, அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தது. மணியின் நடுவே கீபோர்டு சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மேடம் ஃபைலை நிறுத்தினார்.

"மாமியார் போன் போல. எடுக்க மனசில்ல," என்றான் சீப்பு.

"எடுக்க மனசில்லன்னா நீ என்ன பண்ணுவே?"

"பட்டனை அமுக்கி வாயை அடைப்பேன்."

"எல்லாரும் அதான் பண்ணுவாங்க. திருட்டுத்தனமா உக்காந்திருக்கறவங்க பதறிப்போய் அமுக்குவாங்க. இந்த ஆள் அது அலற அலற டைப் அடிச்சுக்கிட்டு இருக்கார்."

சீப்பு அடுத்த ஜோக்குக்கு வாயெடுத்தவன் பாதியில் மூடிக்கொண்டான். "அப்ப அந்த ஏசி..."

"ஓடறது தெரிஞ்சு விடல. ஓடறதே தெரியல."

நேற்று எந்தச் சத்தம் ஒருவரைக் காப்பாற்றியதோ, அதே சத்தம்தான் இப்போது அவரைக் காட்டிக்கொடுத்தது. முழுசா கேளுங்க என்று அந்தப் பெண் சொன்னது இதைத்தான். மேடம் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சித்தி," என்றான் சீப்பு. "நேராப் போய் அவர்கிட்டயே கேட்டுருவோமா?"

"நேத்து ஒரு தடவை விரல் நீட்டினது பத்தாதா? முதல்ல நிச்சயம் பண்ணிக்கணும். அதுவும் நாலு பேருக்குத் தெரியாம."

"நான் என்ன சொன்னாலும் சிரிக்கிற மனுஷன் சித்தி அவர். இந்த உலகத்துல எனக்குன்னு இருக்கறது அவர் ஒருத்தர்தான்."

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். அவர் முதுகுக்குப் பின்னாடி நின்னு நீ எப்பவாவது ஜோக் சொல்லியிருக்கியா?"

*

பாம்புக்காது கண்ணாடித் தடுப்பைப் பார்த்தபடி கருவிகளின் முன் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருமில்லை. அவருடைய திரையில் பல வண்ணப் பட்டைகள் ஓடும் ஒரு பழைய புரோகிராம் திறந்திருந்தது. நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். சட்டை இஸ்திரி குலையாமல் இருந்தது.

மேடம் கதவோரம் நின்றுகொண்டார். சீப்பு அவருடைய நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான்.

"சார், எங்க சித்திக்குக் கோபம் வந்தா மூணு நாள் பேச மாட்டாங்க. நாலாவது நாள் காலையிலேயே மறுபடி கோபப்படுத்திடுவேன்."

பட்டைகள் சிகப்பாக எழும்பி அடங்கின. அவர் அப்போது குனிந்து ஒரு வயரைச் செருகிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

சீப்பு மேடத்தைப் பார்த்தான். மேடம் தலையசைத்தார்.

"சார், உங்க காலர்ல பல்லி."

அவர் வயரைச் செருகி முடித்து, அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார்.

சீப்பு சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தான். அவனைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. சீப்பு கைகளை ஆட்டி, கண்களை உருட்டி, அதே ஜோக்கை மறுபடி சொன்னான். இந்தத் தடவை உதடு மட்டும்தான் அசைந்தது. சத்தம் துளியும் வரவில்லை.

பாம்புக்காது மேஜையைத் தட்டிச் சிரித்தார். "காலையிலேயேவா? பாவம்பா உங்க சித்தி."

சீப்பு சிரிக்கவில்லை. தன் ஜோக்குக்குக் கிடைத்த சிரிப்பைப் பார்த்து அவன் முகம் செத்துப்போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற மேடத்தைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இப்ப நீ சத்தமே போடல, இல்லையா?" என்று சீப்புவிடம் கேட்டார்.

சீப்பு இல்லை என்று தலையாட்டினான். "மன்னிச்சிருங்க சார்," என்றான். அதைச் சத்தமாகச் சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை.

மேடம் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி பார்த்துக்கொண்டார். கேள்வி கேட்கத் தேவையிருக்கவில்லை.

"இடது காது முதல்ல போச்சு," என்றார் அவர். "வலதுல கொஞ்ச நாள் சமாளிச்சேன். இப்ப அதுவும் இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசறவங்க உதட்டைப் பாத்துக்குவேன். மிச்சத்தை இந்தப் பட்டை காட்டும். பைக் போனா இந்த இடத்துல ஒரு முள்ளு மாதிரி எழும்பும். உடனே கட் சொல்லிடுவேன். எல்லாரும் 'பாம்புக்காதுன்னா பாம்புக்காதுதான்'னு மெச்சிக்குவாங்க. நானும் சிரிச்சுக்குவேன்."

"ஏசி சத்தம் இதுல தெரியாதா?"

"ஒரே மாதிரி ஓடற சத்தத்தை இது காட்டாது. பதிவுக்கு முன்னாடி அதை அணைக்கறது எடிட்டர் பொண்ணுதான். சாயந்திரம் அவ போயிடுவா."

"இந்த புரோகிராம் புது சிஸ்டத்துல ஓடாது. அதானே?"

"வீட்டு கம்ப்யூட்டர்ல அப்டேட் போட்டுப் பாத்தேன். அப்புறம் இது திறக்கவே மாட்டேன்னுடுச்சு. இங்கயும் ஏறிட்டா அடுத்த நாளே எல்லாருக்கும் தெரிஞ்சிரும். ஒரு வழி தேடிக்கற வரைக்கும் தள்ளிப்போடலாம்னு நினைச்சேன்." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "காது போனதுல எனக்கு அவமானம் இல்லம்மா. அந்தப் பேரோட நடமாடினேன் பாருங்க, அதுதான்."

மேடத்துக்கு அடுத்த கேள்வியைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. கேட்டாக வேண்டியிருந்தது. "நேத்து நான் அந்தப் பொண்ணைச் சொன்னப்ப நீங்க இங்கதான் நின்னீங்க."

"உங்க முகம் அந்தப் பக்கம் இருந்தது. என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது. அவ அழுதுட்டுப் போனப்புறம்தான் தங்கச்சி சொன்னா." கொஞ்சம் நிறுத்தினார். "தெரிஞ்ச பிறகு ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. மறுபடி ரொப்பி வச்சேன். அவ இல்லாதப்பவும் இது நடந்தா அவ பேர் தப்பிச்சிரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி எனக்காக."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். நேற்று மாலை எடுக்காமல் விட்ட அழைப்புகள் இரண்டு. இரண்டும் எடிட்டரிடமிருந்து.

"வீட்டுக்குப் போனப்புறம்தான் பாத்தேன். திரும்பக் கூப்பிட்டு நான் என்னத்தைக் கேக்கறது?"

கதவு திறந்தது. முதலாளி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் எழுந்து நின்றார்.

"எனக்குக் காது கேக்கலம்மா," என்றார், வேறு எதையும் சேர்க்காமல்.

முதலாளி வந்து கீழே, வயர்ப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறேன்னு, திமிர் ஏறிடுச்சுன்னு இத்தனை நாளா உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன்," என்றார் தரையைப் பார்த்தபடி. அண்ணன், 'என்ன சொல்றா?' என்பது போல சீப்புவைப் பார்த்தார். முதலாளி முகத்தை நிமிர்த்தி அதே வாக்கியத்தை மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

*

எடிட்டரின் வீடு மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு வாசல். கதவைத் திறந்தது அவளுடைய மாமியார். கையில் பாதி மடித்த துணி.

"என் மருமக மேல பழி போட்ட அம்மா நீங்கதானா?" என்றார், பார்த்த உடனேயே.

"நான்தான்."

"உள்ள வாங்கன்னு சொல்ல மாட்டேன். அவளைக் கூப்பிடறேன்."

வழியெல்லாம் சீப்பு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இப்போதும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். எடிட்டர் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"ஃபைலை முழுசா கேட்டேன்மா," என்றார் மேடம். "தப்பு என்னோடது. உன் பேச்சை நான் காதுல போட்டுக்கல. மன்னிச்சுக்க."

"அந்த மாதிரி ஒரு ஃபைலை நான் போன மாசமே முழுசா கேட்டுட்டேன். அதுல கதவை யாரோ தட்டிக்கிட்டே இருப்பாங்க. அவர் உள்ளேயேதான் இருப்பார்," என்றாள் அவள். "நானா போய் முதலாளிகிட்ட சொல்ல மனசு வரல. உங்களைக் கேக்கச் சொன்னேன். நேத்து சாயந்திரம் அவரையே கூப்பிட்டேன், நீங்களே சொல்லிடுங்கண்ணேன்னு கெஞ்சலாம்னு. புத்திகெட்டுப்போய் போன்ல கூப்பிட்டேன் பாருங்க."

"வேலைக்கு வந்துடு. முதலாளியே சொல்லி அனுப்பியிருக்காங்க."

"நேத்து அத்தனை பேர் முன்னாடி என்னைச் சொன்னீங்க. இன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல நின்னு, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேக்காம மன்னிப்புக் கேக்கறீங்க."

மாமியார் உள்ளேயிருந்து, "அப்படிக் கேளு," என்றார்.

மேடத்துக்குத் தலை தொங்கிப்போயிற்று. "அங்கயே வந்து சொல்றேன். அதே ஆளுங்க முன்னாடி, அதே சத்தத்துல."

"அவர் பேரைச் சொல்லாம."

"அப்ப யாருன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க. தெரியலன்னு சொல்லுங்க."

இத்தனை வருடத் தொழிலில் அந்த ஒரு வார்த்தையை மேடம் யாரிடமும் சொன்னதில்லை. "சரி," என்றார்.

*

அவர்கள் திரும்பி வருவதற்குள் பாம்புக்காது ஃபைல்களை எல்லாம் தன் கையாலேயே அழித்திருந்தார். அப்டேட்டையும் அவரே அழுத்தினார். இடமிருந்ததால் அது பாதியைத் தாண்டி, ஒரு தொந்தரவும் தராமல் முடிந்து, புதுத் திரை வந்தது. அவர் அந்தப் பழைய புரோகிராமைத் திறந்து பார்த்தார். திறக்கவில்லை. இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து வந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

மாலைப் பதிவுக்குக் கலைஞர்கள் வந்திருந்தார்கள். வாசலில் எடிட்டரைப் பார்த்ததும் அவர்களுடைய பேச்சு நின்றது. மேடம் முன்னால் போய் நின்றார்.

"நேத்து இவங்கதான் கெடுத்தாங்கன்னு சொன்னேன். அது பொய். இவங்க ஒரு தப்பும் பண்ணல. ஒரு ஃபைலை முழுசா கேளுங்கன்னு இவங்க சொன்னாங்க. எனக்கு அவசரம், கேக்கல. எனக்குக் கைதட்டல் வேணும்னு இவங்களை அழ வச்சேன். உங்க எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

வில்லன் வேஷங்களுக்கே குரல் கொடுத்துக் கொடுத்து 'வில்லன்' என்றே பெயர் வாங்கிவிட்ட ஒரு பெரியவர் பின்வரிசையில் இருந்தார். "அப்ப பண்ணினது யாரு?" என்றார். வணக்கம் சொன்னாலே மிரட்டுவது போலிருக்கும் குரல்.

"தெரியல," என்றார் மேடம்.

"என்னம்மா துப்பறியறீங்க? நேத்து தெரிஞ்சது இன்னைக்குத் தெரியலையா?"

"தெரியல," என்றார் மறுபடியும். காது மடல் வரை எரிந்தது. சீப்பு தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டான்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாம்புக்காது மேடத்தின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டவர் என்ன கேட்டார் என்பது அவருக்குக் கிடைத்திருக்காது. ஆனால் மேடம் இரண்டு முறை சொன்ன பதிலைப் படித்துவிட்டார். எழுந்தார்.

"அவங்களுக்குத் தெரியும். எனக்காக மறைக்கறாங்க. கெடுத்தது நான்தான்," என்றார். "எனக்குக் காது கேக்கறதில்ல. அது வெளிய தெரியக்கூடாதுன்னு பண்ணினேன். நேத்து இந்தப் பொண்ணு என்னால தலைகுனிஞ்சு போச்சு."

எடிட்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதலாளி அண்ணனின் கையைப் பிடித்தார். பின்வரிசையிலிருந்து வில்லன் ஏதோ கேட்டார்.

"புரியலண்ணே," என்றார் பாம்புக்காது. "இந்தப் பக்கம் வந்து, என்னைப் பாத்துச் சொல்லுங்க. சத்தம் போட வேணாம். நிதானமாச் சொன்னாப் போதும்."

வில்லன் நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் நின்றார். எத்தனையோ வருடங்களாக அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். வில்லனுடைய உதடு ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று அசைந்தது.

"எங்களை எல்லாம் அவ்வளவு மட்டமாவா நினைச்சே?"

கேள்வி ஓர் எழுத்து விடாமல் அவருக்குப் புரிந்தது.